ஒரு பாயின்டரால் வந்த முப்பது வருடச் சண்டை: அமெரிக்க டால்மேஷன் கிளப்பின் கதை

1973-இல் ஒரு டால்மேஷன் பெண் நாயை, அதாவது உடம்பெங்கும் புள்ளி போட்ட வெள்ளை நாயை, பாயின்டர் என்ற வேட்டை நாய் இனத்து ஆண் நாயோடு கிராஸ் செய்தார் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர். ஒரே ஒரு தடவைதான். அந்த வழியில் வந்த குட்டிகளை டால்மேஷன் என்று பதிவேட்டில் எழுதலாமா கூடாதா என்பதை அமெரிக்காவில் தீர்த்து முடிக்க 2011 ஆகிவிட்டது. நாய் கிளப்புகளின் வரலாறு என்றால் யார் தலைவர், எந்த வருடம் எந்த நாய் கோப்பை வாங்கியது என்ற பட்டியலாகத்தான் பெரும்பாலும் இருக்கும், உறுப்பினர்களைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள். இது அந்த ரகம் இல்லை. சிறுநீர்க் கல் என்ற நோய்க்கு மருந்து கையில் இருந்தும் அதை எடுக்க ஒரு சங்கம் ஏன் இவ்வளவு நாள் இழுத்தது என்பதுதான் இங்கே கேள்வி. என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: விஞ்ஞானம் புரியாததால் இல்லை, முதல் தடவை கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் செய்ததால்.

முதலில் இந்த கிளப்புக்கு என்ன அதிகாரம் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் நாய்ப் பதிவேடுகளில் பெரியது அமெரிக்கன் கென்னல் கிளப், சுருக்கமாக ஏ.கே.சி., வைத்திருப்பது. அதில் முதல் டால்மேஷன் ஏறியது 1888-இல். டால்மேஷன் கிளப் ஆஃப் அமெரிக்கா 1905-இல் தொடங்கியது. ஏ.கே.சி. முறையில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தாய் கிளப் உண்டு, அந்த இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தரவிதி அதன் கையில்தான். ஊர் ஊராக இருக்கும் வட்டார கிளப்புகள் தனி. சிகாகோவுக்கு ஒன்று, தெற்கு கலிஃபோர்னியாவுக்கு ஒன்று என்று போகும். ஷோ நடத்துவது, கைவிட்ட நாய்களை மீட்டு வீடு தேடிக் கொடுப்பது, குட்டி கேட்டு வருகிறவர்களிடம் "இது ஓடியே தீர வேண்டிய நாய், உங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா?" என்று பேசுவது எல்லாம் பெரும்பாலும் இவர்கள் தலையில். 1996-இல் புள்ளி நாய்களை வைத்து ஹாலிவுட் படம் வந்தபோது குழந்தைகளுக்காக வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே சமாளிக்க முடியாமல் காப்பகத்தில் விட்டவர்கள் ஏராளம். அந்தச் சுமையைத் தாங்கியதும் இந்த மாதிரி ஆட்கள்தான். அதனால் கிளப்காரர்கள் எல்லோரும் கோப்பைப் பைத்தியங்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் போகாதீர்கள்.

இனத்தைத் தரப்படுத்தும் வேலை இங்கிலாந்தில் தொடங்கியது. 1882-இல் வீரோ ஷா என்ற ஆங்கிலேயர் டால்மேஷனுக்கு அதிகாரபூர்வமற்ற ஒரு தரவிதி எழுதினார், 1890-இல் அது அதிகாரபூர்வமானது, இங்கிலாந்தின் முதல் டால்மேஷன் கிளப் உருவானதும் அதே வருடம்தான். அந்தக் காலத்தில் இது கோச்சு வண்டியோடு ஓடுகிற நாய். குதிரைகளுக்குத் துணையாக வண்டியின் அச்சுக்கு அடியிலோ பக்கத்திலோ மைல் கணக்கில் ஓடும். அமெரிக்காவில் குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிகளோடு ஓடியதும் இதே வேலையின் தொடர்ச்சிதான். இன்றைக்கும் டால்மேஷன் கிளப் ஆஃப் அமெரிக்கா ரோடு ட்ரயல் என்று ஒரு போட்டி நடத்துகிறது. குதிரையோடு 12.5 மைல் ஓடினால் ஒரு பட்டம், 25 மைல் ஓடினால் அதற்கு மேலே ஒன்று. சோபாவில் படுத்துக் கிடக்கிற நாய்க்கு இதெல்லாம் வேலைக்கு ஆகாது.

சரி, நோய்க்கு வருவோம்.

நாயின் உடம்பில், உணவிலிருந்து வரும் பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் அமிலமாகும், கல்லீரல் அதை அலன்டாயின் என்ற, தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருளாக மாற்றும், அது சிறுநீரில் போய்விடும். ஆனால் டால்மேஷனில் யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் வரும், சாதாரண நாயைவிடப் பல மடங்கு. வேடிக்கை என்னவென்றால் மாற்றுவதற்கான நொதி டால்மேஷன் கல்லீரலிலும் இருக்கிறது. யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடத்திதான் பழுது. சிறுநீரகத்திலும் அதே கடத்தி வேலை செய்யாததால், திரும்ப உறிஞ்ச வேண்டியதும் வெளியே போய்விடுகிறது.

இந்த யூரிக் அமிலம் சிறுநீரில் கல்லாக உறையலாம். ஆனால் எல்லா டால்மேஷனுக்கும் கல் வந்துவிடாது, பல நாய்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து போகும். வந்தால்தான் பிரச்சினை, அதுவும் ஆண் நாய்க்கு. ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு, சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் அடிப்பக்கத்துப் பள்ளத்துக்குள் நுழைந்து போகிறது, அந்த இடத்தில் குழாய் விரிய வழியில்லை. சிறு கல் ஒன்று அங்கே போய்ச் சிக்கினால் போதும். நாய் திரும்பத் திரும்பக் காலைத் தூக்கும், சொட்டுச் சொட்டாக வரும், பிறகு அதுவும் நின்றுவிடும். உடனே டாக்டரிடம் கொண்டுபோகாவிட்டால் சிறுநீர்ப்பை வெடித்துக்கூடப் போகலாம். யூரேட் கல் எனப்படும் இந்த யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பது இன்னொரு தலைவலி, ஸ்கேன் வேண்டும். நம்மூரில் டால்மேஷன் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை: பாசத்தில் தினமும் ஆட்டு ஈரல் வேகவைத்துப் போடுவது இந்த நாய்க்கு ஆகவே ஆகாது, பியூரின் குவிந்து கிடப்பதே அதில்தான். மத்தி மீனும் அப்படியே. தண்ணீர் நிறையக் குடிக்க வைப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே விடுவதும்தான் முதல் வைத்தியம்.

இந்த விஷயம் எத்தனை நாளாகத் தெரியும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டால்மேஷன் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதி என்று பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1916-லேயே எழுதிவிட்டார். 1923-இல் ஆன்ஸ்லோ டால்மேஷனை வேறு நாய்களோடு கலந்து வந்த குட்டிகளைச் சோதித்தார். 1938-இல் ட்ரிம்பிள், கீலர் என்ற இருவர் இது எப்படிப் பரம்பரையாக இறங்குகிறது என்பதை எழுதினார்கள்: ஒடுங்கு பண்பு, அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் தெரியும், ஒரு நல்ல பிரதி இருந்தாலே நாய் தப்பித்துவிடும். (இதே இருவர்தான் 1940-இல், வண்டிக்கு அடியில் எந்த இடத்தில் ஓட டால்மேஷன் விரும்புகிறது என்பதும் பரம்பரையா என்று ஓர் ஆய்வுக் கட்டுரை போட்டார்கள். அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு நிதி கொடுத்தவர்களைக் கும்பிட வேண்டும்.)

ஆக, வழி 1938-லேயே தெரியும். ஆனால் அதில் ஒரு முட்டுக்கட்டை. பதிவேட்டில் இருந்த டால்மேஷன்கள் எல்லாவற்றிலுமே இரண்டு பிரதியும் பழுது. வழக்கமாக ஒரு இனத்தில் நோய் இருந்தால், நோய் இல்லாத நாய்களாகப் பார்த்து ஜோடி சேர்த்து மெல்ல மெல்லக் குறைப்பார்கள். இங்கே தேர்ந்தெடுக்க நல்ல பிரதி உள்ள நாய் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டுக்குள்ளேயே நூறு வருடம் தேடினாலும் கிடைக்காது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். பதிவேடோ மூடியது, அதில் ஏற்கனவே இருக்கும் நாய்களின் குட்டிகளை மட்டும்தான் ஏற்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால்தான் மீதிக் கதை புரியும், அன்றைக்குச் சண்டை போட்டவர்களில் பலருக்கும் இது கடைசி வரை மனதில் ஏறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எப்படி எல்லா நாயிலும் பழுது ஏறியது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிப்பது புள்ளியைத்தான். தெளிவாக, உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாத புள்ளி வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தபோது, அந்தப் புள்ளி அழகோடு சேர்ந்து இந்தப் பழுதும் தொற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஏ.கே.சி. தரவிதி புள்ளியின் அளவை நாணயத்தில் சொல்கிறது: டைம் எனும் பத்து சென்ட் காசு முதல் அரை டாலர் காசு வரை. அவ்வளவு நுணுக்கம்.

ஷைபிள் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மரபியலாளர், டால்மேஷன் பிரியர். பாயின்டரை அவர் எடுத்ததற்குக் காரணம் உடல்வாகு, சுபாவம் இரண்டிலும் அது டால்மேஷனுக்கு நெருங்கி வருவது. முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல பிரதி கிடைத்தது, ஆனால் பார்க்க டால்மேஷன் மாதிரி இல்லை. அவற்றில் ஒன்றை மறுபடி டால்மேஷனோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு நல்ல பிரதி வரும். எந்தப் பாதி? அன்றைக்கு மரபணுச் சோதனை கிடையாது, மரபணுவே எதுவென்று தெரியாது. ஒவ்வொரு குட்டியின் சிறுநீரையும் பிடித்து, யூரிக் அமிலத்தைக் கிரியாட்டினின் என்ற இன்னொரு சிறுநீர்க் கழிவோடு ஒப்பிட்டு, விகிதம் குறைவாக உள்ள குட்டிகளை ஒதுக்கி, அவற்றிலும் புள்ளி நன்றாக உள்ளதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி ஒரு டால்மேஷனோடு சேர்த்து, மறுபடி சிறுநீர் பிடித்து... இப்படித்தான் போனது. ஒவ்வொரு முறையும் பாயின்டர் பங்கு பாதியாகும். ஐந்தாவது தலைமுறையில் ஏறக்குறைய 3 சதவீதம், எண்ணும் முறையைப் பொறுத்து அதிலும் பாதி.

அந்த ஐந்தாம் தலைமுறையில் பிறந்த இரண்டு நாய்கள், ஸ்டாக்லோர் ஸ்டிப்பிள்ஸ், ஸ்டாக்லோர் சட்டில். 1981-இல் இவற்றை ஏ.கே.சி. டால்மேஷன் என்றே பதிவு செய்தது. தாய் கிளப்பின் நிர்வாகக் குழு ஆதரவு கொடுத்திருந்தது. அப்போதைய ஏ.கே.சி. தலைவர் வில்லியம் ஸ்டிஃபெல், இனத்தின் தரத்தைக் கெடுக்காமல் பரம்பரை நோயைத் திருத்த அறிவியல் வழி ஒன்று இருந்தால் அதில் முன்னால் நிற்பது தங்கள் கடமை என்கிற ரீதியில் சொன்னார். 1981-க்கு இது ரொம்பவே துணிச்சலான பேச்சு.

அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. நிர்வாகக் குழு சரி என்றதே தவிர உறுப்பினர்களிடம் கேட்கவில்லை. இருபது முப்பது வருடம் ஒரு பரம்பரையைக் கட்டிக் காத்தவர்கள், அடுத்த நாயின் பேப்பரில், அதாவது பரம்பரைச் சான்றிதழில், நாலாவது தாத்தா யார் என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், ஒருநாள் எழுந்து பார்த்தால் பாயின்டர் ரத்தம் உள்ள நாய் தங்கள் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது. பொங்கிவிட்டார்கள். உறுப்பினர் வாக்கு எதிராகப் போனது, ஏ.கே.சி.யும் அந்த இரண்டு நாய்களின் வாரிசுகளைப் பதிவு செய்வதை நிறுத்தியது. ஆக, அப்பா அம்மாவுக்கு பேப்பர் உண்டு, குட்டிக்குக் கிடையாது.

எதிர்த்தவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது, அதில் நியாயமும் இருந்தது. கல் எல்லா நாய்க்கும் வருவதில்லை, தீனியும் தண்ணீரும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம் என்றார்கள், அது உண்மை. பாயின்டரோடு வேறு என்னென்ன நோய் உள்ளே வரும் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள், 1981-இல் அதற்கு யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. புள்ளி சின்னதாக, ஓரம் மங்கலாக இருக்கிறது என்றார்கள், ஆரம்பத் தலைமுறைகளில் அதுவும் உண்மையே. இன்றைக்கு ஒன்றுக்குக் கதவைத் திறந்தால் நாளைக்கு எவன் எதைக் கொண்டுவருவான் என்ற பயம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியது. இதில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் ஒன்றுதான்: இந்தக் கேள்விகள் எதற்கும் நாய்களைப் பதிவேட்டுக்கு வெளியே தள்ளுவது பதில் ஆகாது. உள்ளே வைத்துக் கண்காணித்திருந்தால் பத்து வருடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

ஷைபிள் விடவில்லை. பேப்பர் இல்லாத நாய்களோடு, சில வளர்ப்பாளர்களின் துணையோடு தலைமுறைகளைத் தொடர்ந்தார். பேப்பர் இல்லை என்றால் ஷோ இல்லை, நல்ல விலையும் இல்லை, நல்ல ஆண் நாய் வைத்திருப்பவரும் ஜோடி சேர்க்க யோசிப்பார். அந்த நிலையில் ஒரு வழியை அறுபடாமல் காப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் அடுத்து வருவது. பழுது எந்த மரபணுவில் என்று கண்டுபிடிக்க, பழுது உள்ள நாயும் இல்லாத நாயும் ஒரே குடும்பத்துக்குள் வேண்டும். மற்ற டால்மேஷன்கள் எல்லாம் ஒரே மாதிரி பழுது, ஒப்பிட ஆளில்லை. கிளப் வேண்டாம் என்று தள்ளிய அந்தக் கலப்புக் குடும்பம்தான் உதவியது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு அந்த நாய்களை வைத்து 2006-இல் மூன்றாவது குரோமோசோம் என்று இடத்தைப் பிடித்தது. 2008-இல் டேனிகா பன்னாஷ் குழு மரபணுவையே காட்டியது: எஸ்.எல்.சி.2.ஏ.9. மனிதர்களில் யூரிக் அமில அளவையும் கவுட் எனும் மூட்டு வலியையும் தீர்மானிப்பதில் இதே மரபணுவுக்குப் பங்கு உண்டு என்ற ஆய்வுகளும் அந்தக் காலகட்டத்தில்தான் வந்தன. நாயில் இந்தப் பழுது புல்டாக்கிலும் பிளாக் ரஷ்யன் டெரியரிலும்கூட இருக்கிறது, ஆனால் அந்த இனங்களில் நல்ல பிரதி உள்ள நாய்களும் உண்டு, பொறுக்கி எடுக்க வழி இருக்கிறது.

இதன்பிறகு சிறுநீர் பிடிக்கும் வேலை போயிற்று. ஒரு டிஎன்ஏ சோதனை போதும், குட்டிக்கு நல்ல பிரதி எத்தனை என்று சொல்லிவிடும். விவாதத்தின் சூடும் இதனால்தான் தணிந்தது என்று நினைக்கிறேன்.

கிளப்புக்குள் 2006-லேயே காற்று மாறத் தொடங்கியிருந்தது. அந்த வருட மே மாதம் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், இந்த விஷயத்தைப் பற்றி மறுபடி பேசலாம் என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். கவனியுங்கள், ஏற்கலாமா என்பதற்கு இல்லை, பேசலாமா என்பதற்கே வாக்கெடுப்பு! அதற்குப் பிறகு ஐந்து வருடம் பேச்சுதான். இந்தத் தடவை எதுவும் தலைக்கு மேலே நடக்கவில்லை. உறுப்பினர்கள் சண்டை போட்டார்கள், கட்டுரை எழுதினார்கள், நாய்களை நேரில் பார்த்தார்கள். கூட வளர்கிற டால்மேஷனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்தவர்களும் இருந்திருப்பார்கள். 2011 ஜூலையில் ஏ.கே.சி. பதிவேட்டைத் திறந்தது. 1981-இல் குழு அறையில் எடுத்த அதே முடிவு, முப்பது வருடம் கழித்து, கேட்டுவிட்டு எடுத்ததால் நின்றது.

இங்கிலாந்தில் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள், ஆனால் நிபந்தனைகளோடு. ஃபியாக்கர்ஸ் ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட், செல்லப் பெயர் ஃபியோனா, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பெண் நாய். அதை அங்குள்ள கென்னல் கிளப் பதிவு செய்தது, வாரிசுகளின் பேப்பரில் சில தலைமுறைக்கு நட்சத்திரக் குறி போடுவோம் என்ற நிபந்தனையோடு. பாயின்டரிலிருந்து குறைந்தது 13 தலைமுறை தள்ளிய நாய் அது, கணக்குப் போட்டால் பாயின்டர் பங்கு எட்டாயிரத்தில் ஒன்று அளவுக்கு இறங்கியிருக்கும். 2011-இல் இங்கிலாந்தின் பெரிய நாய் ஷோவான கிரஃப்ட்ஸுக்கு ஃபியோனா வந்தபோது கலப்பு நாய்க்கு இங்கே என்ன வேலை என்று பத்திரிகைகளில் வாக்குவாதம் பறந்தது. எட்டாயிரத்தில் ஒரு பங்கு! நம் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணத்துக்குக் குலம் கோத்திரம் விசாரிப்பதுகூட இவ்வளவு தூரம் போகாது.

இப்போது நடைமுறை எப்படி என்றால், இந்த நாய்களை யூரிக் அமிலம் குறைந்த டால்மேஷன் என்று தனியாகச் சொல்கிறார்கள். ஒரு நல்ல பிரதி உள்ள நாயைச் சாதாரண டால்மேஷனோடு சேர்த்தால் பாதிக் குட்டி நல்லது, மீதிப் பாதி பழையபடி. இரண்டு நல்ல பிரதியும் உள்ள நாயைச் சேர்த்தால் எல்லாக் குட்டியும் நல்லது. எண்ணிக்கை இன்னும் சிறிதுதான், எல்லாமே ஒரே ஒரு பாயின்டர் வழியாக வந்தவை என்பதால் இரண்டு பிரதி நாய்களை அவசரமாக உருவாக்கினால் நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை நடந்துவிடும். ஆர்வக் கோளாறில் இதைக் கெடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பேப்பரோடு இங்கே குட்டி வாங்குகிறவர்கள், பேப்பர் என்பது பரம்பரைக்குச் சான்றே தவிர இந்த மரபணுவுக்குச் சான்று இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். டிஎன்ஏ சோதனை அறிக்கை தனி.

டால்மேஷனின் இன்னொரு பிரச்சினையான காது கேளாமை வேறு கதை, அதற்கு இவ்வளவு சுலபமான வழி கிடையாது. அமெரிக்க டால்மேஷன்களில் ஏறக்குறைய 22 சதவீதத்துக்கு ஒரு காது கேட்காது, 8 சதவீதத்துக்கு இரண்டுமே கேட்காது. குட்டிக்கு ஐந்து ஆறு வாரம் ஆனதும் தலையில் மின்முனை வைத்து மூளையின் அலையைப் பார்க்கும் பேயர் சோதனையில் இது தெரிந்துவிடும். இதன் வேர் வெள்ளை நிறத்திலேயே இருக்கிறது: உட்காதில் நிறமிச் செல்கள் போய்ச் சேராவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களில் செத்துப்போகும். நம்ம ராஜபாளையம் வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டிகள் வருவதும் இந்தச் சங்கதிதான். வெள்ளையை எடுத்தால் டால்மேஷனே இல்லை, அதனால் பாயின்டர் மாதிரி வெளியிலிருந்து ஒரு தடவை வாங்கி முடிக்க முடியாது. ஆனால் சில குட்டிகள் பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கறுப்புத் திட்டோடு வருகின்றன, அவற்றில் செவிடு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் குட்டிகள் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கின்றன, யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஏ.கே.சி. தரவிதிப்படி திட்டு இருந்தால் ஷோவில் தகுதி நீக்கம். அந்த வரியை மாற்றுவதா வேண்டாமா என்பது உறுப்பினர் வாக்கில் இருக்கிறது.